பல நாட்டு ஊழியர்கள், ஒரே எச்ஆர் கொள்கை: வேலையில் பிடிப்பை வளர்க்க முழுமையான வழிகாட்டி

சென்னையில் உட்கார்ந்துகொண்டு மணிலாவிலும் மியூனிக்கிலும் இருப்பவர்களுக்கு லீவு விதிகள் எழுதும் எச்ஆர் (மனிதவளத் துறை) ஆட்கள் இன்று ஏராளம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் இருப்பவர் ஒடிசாக்காரர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் மேலே கொரிய மேனேஜர்கள், கீழே காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பிள்ளைகள். இந்த மாதிரி இடங்களில் அடிக்கடி வரும் கேள்வி, ஓர் ஊரில் நன்றாக ஓடிய திட்டம் இன்னோர் ஊரில் ஏன் எடுபடவில்லை என்பது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "அந்த ஊர் ஆளுங்களுக்கு விசுவாசம் கிடையாது." இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. ஆபத்தானதும்கூட, ஏனென்றால் அதைச் சொன்ன நிமிஷமே நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனஸ், பயிற்சி, அப்ரைசல், இடமாற்றம் என்று எந்த எச்ஆர் திட்டத்தை எடுத்தாலும் அதற்குள் ஊழியருக்கு நாம் கொடுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. அந்த வாக்கு அந்த ஊர்க்காரர் காதில் எப்படி விழுகிறது, அதைக் காப்பாற்ற அந்த ஊரின் சட்டமும் குடும்ப அமைப்பும் வேலைச் சந்தையும் இடம் கொடுக்கின்றனவா என்று பார்க்காமல் திட்டத்தை மட்டும் நகலெடுத்தால் பணம்தான் வீணாகும். கீழே வருவதெல்லாம் இதைப் பார்ப்பது எப்படி என்பதுதான்.

படி 1: எந்த மாதிரிப் பிடிப்பு வேண்டும் என்று தெளிவாகுங்கள்

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு கனடா உளவியலாளர்கள் 1991ல் ஒரு பிரிப்பைச் சொன்னார்கள். ஒருவர் ஒரு நிறுவனத்தில் தொடர்ந்து இருப்பதற்கு மூன்று விதமான காரணங்கள் உண்டு. பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறார். விட்டுப் போனால் நஷ்டம், வேறு வழியில்லை, அதனால் இருக்கிறார். விட்டுப் போவது சரியில்லை, நம்மை நம்பியவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறார், அதனால் இருக்கிறார். விருப்பம், வழியின்மை, கடமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், நம்மில் பலர் அட்ரிஷன் எண்ணை, அதாவது எத்தனை பேர் வேலையைவிட்டுப் போகிறார்கள் என்ற கணக்கை, மட்டும் பார்த்துவிட்டு "ஆட்கள் போகவில்லை, அப்படியென்றால் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டுகிறோம். வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தாரில் 2020 வரை, முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி வேறு வேலைக்கு மாற முடியாது. அங்கே ஒருவர் பத்து வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தார் என்பதை வைத்து அவருடைய பிடிப்பைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நம் ஊரிலும் இதன் சின்ன வடிவங்கள் உண்டு. இரண்டு வருஷ பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது, மூன்று மாத நோட்டீஸ். இவை ஆளைப் பிடித்து வைக்கும், ஆனால் மனது வைத்து ஒரு வேலையும் நடக்காது. சொன்னதை மட்டும் செய்வார், மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். பூட்டு திறந்த அன்றைக்குப் போய்விடுவார்.

கடமை வகைதான் கலாசாரத்துக்குக் கலாசாரம் ரொம்ப மாறுவது. வேலை வாங்கிக் கொடுத்த மாமாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்பதற்காகவே வேலையை விடாதவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலாளி பணம் கொடுத்தார் என்பதற்காக இருபது வருஷம் இருந்தவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோமில் இதே உணர்வை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் அங்கே ஆஸ்பத்திரிச் செலவை அரசே பார்த்துக்கொள்கிறது. முதலாளி காட்டும் அக்கறை அங்கே வேறு வடிவத்தில் வர வேண்டும். சரியான நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவது, எடுத்த லீவில் போன் அடிக்காமல் இருப்பது என்று.

முதல் வேலையாக உங்களிடம் இருக்கும் எச்ஆர் திட்டங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று குறியுங்கள். பெரும்பாலானவை வழியின்மைப் பக்கம் போய் நின்றால், உங்கள் அட்ரிஷன் எண் உங்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை.

படி 2: "அவங்க கலாசாரம் அப்படி" என்பதைக் கடைசி விளக்கமாக வையுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலேயே மோசமான தொழிலாளர்கள் என்று பெயர் வாங்கிய இடம். தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார், குடி, சண்டை, சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் வேலைநிறுத்தம் எல்லாம் உண்டு. 1982ல் மூடிவிட்டார்கள். பிறகு டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984ல் அதே கட்டடத்தில் நுமி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. நிர்வாகத்தை டொயோட்டா எடுத்துக்கொண்டது. ஆட்கள்? ஏறக்குறைய 85 சதவீதம் பேர் அதே பழைய தொழிலாளர்கள், அதே பழைய தொழிற்சங்கம். ஒன்றிரண்டு ஆண்டுகளில் வேலைக்கு வராதவர்கள் 3, 4 சதவீதமாகக் குறைந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற எந்தத் தொழிற்சாலையையும்விட அங்கே உற்பத்தித் திறன் கூடியது.

டொயோட்டா ஜப்பானியப் பண்பாட்டை அந்த ஆட்களுக்குள் புகுத்தவில்லை. காலையில் உடற்பயிற்சி, அணிப் பெயர்கள் மாதிரிச் சிலது இருந்தன, உண்மைதான். கனமான மாற்றங்கள் வேறு. எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகளை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருக்கினார்கள். அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன், தனி பார்க்கிங் கிடையாது. குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம், நிறுத்தியதற்காகத் திட்டு விழாது. குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, அங்கே இதே வேலையைச் செய்பவர்களோடு சேர்ந்து லைனில் நிற்க வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழிய யாரையும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டோம், அப்படி ஒரு நிலை வந்தாலும் முதலில் நிர்வாகத்தின் சம்பளத்தில்தான் கை வைப்போம் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

1987, 88ல் கார் விற்பனை படுத்தது. அமெரிக்க வழக்கப்படி ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரம். நுமி அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலைகளிலும் வைத்துக்கொண்டது. தொழிலாளர்கள் மனதில் அதுவரை இருந்த "பார்க்கலாம்" அப்போதுதான் "இவங்க சொன்னா செய்வாங்க" என்று மாறியது. என்னைக் கேட்டால் நுமியின் வெற்றியில் அந்தக் கயிற்றைவிட இந்த முடிவுக்குத்தான் பங்கு அதிகம். இதே அணி முறையை ஜெனரல் மோட்டார்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் தொழிற்சாலையில் கொண்டுவந்தபோது, அங்கே வேலை நிலைக்குமா என்பதே கேள்விக்குறியாக இருந்தது. தொழிலாளர்கள் நம்பவில்லை. 1992ல் அந்த ஆலை மூடப்பட்டது.

எதிர்ப்பக்க உதாரணம் எத்தியோப்பியா. 2016ல் ஹவாசா தொழிற்பூங்கா திறந்தபோது ஆயத்த ஆடை நிறுவனங்கள் அங்கே குவிந்தன, நம் நாட்டு நிறுவனங்களும் போயின. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். தையல் கற்றுக்கொண்ட பெண்கள் சில மாதங்களில் நின்றுவிட்டார்கள். உடனே "கிராமத்துப் பெண்கள், தொழிற்சாலை ஒழுக்கம் பழகவில்லை" என்ற பேச்சு எழுந்தது. ஆனால் எத்தியோப்பியாவின் ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்த ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டெஃபான் டெர்கான் என்ற பொருளாதார அறிஞர்கள் செய்தது. வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மாதத்திலேயே போய்விட்டார்கள், ஒரு வருஷத்துக்குள் 77 சதவீதம் பேர் போய்விட்டார்கள். வெளியே சில்லறை வேலைகளில் கிடைக்கும் வருமானத்தைவிட ஆலையில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, உடம்பு மட்டும் கெட்டது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்போம்.

ஆக, ஓர் ஊரில் பிடிப்பு குறைவாகத் தெரிந்தால் இந்த வரிசையில் கேளுங்கள். சம்பளம் பக்கத்தில் கிடைக்கும் மற்ற வேலைகளோடு ஒப்பிட எப்படி? வீட்டு வாடகை, பஸ், சாப்பாடு போகக் கையில் என்ன மிஞ்சுகிறது? உடம்புக்கு என்ன ஆகிறது? நாம் சொன்ன வாக்கு எதையாவது மீறினோமா? இவை எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் புரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால், அப்போது கலாசாரத்துக்கு வாருங்கள்.

கலாசாரத்துக்கு வரும்போதும் ஓர் எச்சரிக்கை. எச்ஆர் பயிற்சிகளில், நாடுகளின் கலாசாரத்தை எண்ணால் அளந்த ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் மதிப்பெண்களைக் காட்டாதவர் இல்லை, இந்த நாட்டில் அதிகார இடைவெளி இத்தனை, தனிமனித நோக்கு இத்தனை என்று. அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களிலிருந்து வந்தவை. நாடுகளின் சராசரியை ஒப்பிட அவை உதவும். உங்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜகார்த்தா பெண்மணி எப்படிப்பட்டவர் என்று அந்த எண் சொல்லாது. 1980களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பகுதியிலும் ஜப்பானின் அட்சுகி பகுதியிலும் ஆலைத் தொழிலாளர்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்றும் உண்டு. ஜப்பானியர்களுக்கு வேலையில் திருப்தி அமெரிக்கர்களைவிடக் குறைவாக இருந்தது. முடிவுகளில் ஊழியரைச் சேர்த்துக்கொள்வது, நலத்திட்டங்கள், உள்ளேயே மேலே ஏறும் வாய்ப்பு மாதிரி விஷயங்கள் இரண்டு நாட்டிலும் பிடிப்பைக் கூட்டின. ஜப்பானியர் என்றால் தானாகவே விசுவாசி என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு நன்றாகவே ஆட்டிவிட்டது.

படி 3: திட்டத்துக்கு அடியில் தோண்டிப் பாருங்கள்

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் லிங்கன் எலக்ட்ரிக் என்ற வெல்டிங் கருவிகள் செய்யும் நிறுவனம். செய்யும் பீஸ் கணக்குக்குக் கூலி, வருஷக் கடைசியில் பெரிய போனஸ், யாரையும் லே-ஆஃப் செய்வதில்லை என்ற உறுதி. இந்த மூன்றும் சேர்ந்து பல தலைமுறைகளாக அங்கே அபாரமாக ஓடியது, உலகமே படிக்க வந்தது. 1980களின் கடைசியில் ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நிறுவனங்களை வாங்கி, அங்கேயும் இதே ஊக்க முறையைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். 1992ல் நிறுவனத்தின் 97 வருஷ வரலாற்றில் முதல் நஷ்டம் வந்தது.

ஐரோப்பியத் தொழிலாளர்கள் பலருக்கு சக ஊழியரோடு போட்டி போட்டுச் சம்பாதிப்பது பிடிக்கவில்லை, கூடுதல் பணத்தைவிட நீண்ட விடுமுறை முக்கியமாக இருந்தது. ஜெர்மனியில் கூலி முறையை மாற்ற வேண்டுமானால், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பிரேசிலில் தொடர்ந்து கொடுத்துவந்த போனஸ் சட்டப்படி உரிமையாகிவிடுகிறது, அதன் பிறகு அது ஊக்கத்தொகை இல்லை, சம்பளத்தின் ஒரு பகுதி. கிளீவ்லேண்டில் அந்தத் திட்டம் தனியாக நின்று வேலை செய்யவில்லை. லே-ஆஃப் இல்லை என்ற உறுதியும், கணக்கை மறைக்காத நிர்வாகமும், பல காலம் பார்த்துப் பழகிய நம்பிக்கையும் அடியில் இருந்தன. வெளிநாட்டுக்குப் போனது கூலி முறை மட்டும்தான்.

ஜப்பானில் இதன் தலைகீழ் நடந்தது. ஃபுஜிட்சு 1993ல், வயதுக்கும் பணி மூப்புக்கும் ஏற்ற சம்பளம் என்பதைக் குறைத்து, இலக்கை எட்டியவருக்கு அதிகம் என்ற அமெரிக்க பாணி முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. என்ன ஆயிற்று? எளிதாக எட்டக்கூடிய சின்ன இலக்குகளையே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். பல வருஷம் எடுக்கும் கஷ்டமான வேலைகளை யாரும் தொட விரும்பவில்லை. இலக்குப் பட்டியலில் இல்லாத வேலைகள், பழைய வாடிக்கையாளருக்கான சர்வீஸ் மாதிரி, அனாதையாக நின்றன. 2001ல் திட்டத்தைத் திருத்தினார்கள். மூப்புச் சம்பளம் பழமை என்று தூக்கிப்போடுவது சுலபம். ஆனால் அதற்குள், இளம் வயதில் குறைவாக வாங்கிக்கொண்டு உழை, குடும்பச் செலவு ஏறும் வயதில் உனக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்கு இருந்தது. பாதி வழி வந்தவரிடம் அந்த வாக்கை மாற்றினால் அவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடமாற்றமும் இப்படித்தான். ஜப்பானில் நிறுவனம் சொன்னால் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு நகரத்துக்குத் தனியாகப் போவது பல காலமாக வழக்கம், 1986ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே முதலாளிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஈடாக ஊழியருக்குக் கிடைத்தது ஓய்வு பெறும்வரை வேலை. அந்த ஈடு இல்லாத நாட்டில் இடமாற்றத்தை மட்டும் கேட்டால் ராஜினாமாக் கடிதம்தான் வரும்.

ஒரு திட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் முன் உட்கார்ந்து எழுத வேண்டியது இவைதான்: சொந்த ஊரில் இது எதைத் தாங்கி நிற்கிறது, அந்தத் தாங்கல் அங்கே இருக்கிறதா, இல்லையென்றால் அதற்குப் பதில் நாம் என்ன கொடுக்கப் போகிறோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் திட்டத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

படி 4: சட்டத்தையும் பண்டிகையையும் ஒரே காலண்டரில் போடுங்கள்

இது சுருக்கமான படி, ஆனால் தவறவிட்டால் மன்னிப்பே கிடையாது. பிலிப்பைன்ஸில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் 1975 முதல் சட்டம், டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும். இந்தோனேசியாவில் பண்டிகைப் படி, ஒரு வருஷம் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், பண்டிகைக்கு ஏழு நாள் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். மெக்சிகோவில் டிசம்பர் 20க்கு முன் குறைந்தது 15 நாள் சம்பளம். நம் நாட்டில் சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. ஆனால் தமிழ்நாட்டில் சதவீதத்தைவிடத் தேதி முக்கியம். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவு வைத்தால் பிள்ளைகளுக்குத் துணி எப்போது எடுப்பது? அதே தொகையை இரண்டு வாரம் முன்னால் கொடுத்துப் பாருங்கள், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் மனது நிறையும்.

இந்தப் பணங்களை "நாங்கள் தரும் பரிசு" என்று மின்னஞ்சலில் எழுதாதீர்கள். வாங்குபவருக்கு அது உரிமை என்று தெரியும்.

கலாசார வேறுபாடு என்றவுடன் வெளிநாட்டை நினைக்க வேண்டியதில்லை. திருப்பூர் விடுதிகளில் இருக்கும் ஒடியாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகை நமக்குப் பொங்கல் போல. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் பெரியது, நாம் தீபாவளிக்கு மூன்று நாள் விட்டுவிட்டு சட் அன்றைக்கு அவரை ஷிப்ட்டுக்குக் கூப்பிடுகிறோம். அவர் சொல்லாமல் ரயிலேறிப் போய், இரண்டு வாரம் கழித்து வேறு கம்பெனியில் சேருகிறார். லீவு மொத்த எண்ணிக்கையை மாற்றாமல், எந்த நாள் என்பதை மட்டும் அவரவர் தேர்ந்தெடுக்க விட்டால் போதும். கூடவே, அவர்கள் மொழி பேசும் ஒருவரை எச்ஆரில் வையுங்கள். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்களே, அந்த மாதிரி நேரத்தில் ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் இந்தியிலோ ஒடியாவிலோ பேச ஓர் ஆள் இருப்பது எத்தனை சுற்றறிக்கைக்குச் சமம்!

படி 5: கேட்கும் முறையை மாற்றுங்கள்

எல்லா நாட்டுக்கும் ஒரே ஆங்கில சர்வே அனுப்பி, ஜப்பான் 3.1, பிரேசில் 4.4 என்று வரிசைப்படுத்தி மேலிடத்துக்குக் காட்டுவது மிகவும் பரவலான பழக்கம். அந்த வரிசைக்கு அர்த்தம் கிடையாது. ஜப்பான் மாதிரி நாடுகளில் நடு எண்ணைக் குறிப்பவர்கள் அதிகம், வேறு சில நாடுகளில் கடைசி எண்ணைத் தயங்காமல் குறிப்பார்கள். இது ஆய்வுகளில் பலமுறை பார்த்த விஷயம். ஒரு நாட்டை அதே நாட்டின் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள், ஒரே நாட்டுக்குள் ஒரு பிரிவை இன்னொரு பிரிவோடு ஒப்பிடுங்கள். நாட்டை நாட்டோடு வேண்டாம்.

கேள்வித்தாளை உள்ளூர் மொழியில் கொடுங்கள், மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மூல மொழிக்கு மாற்றச் சொல்லிச் சரிபாருங்கள். ஆறு பேர் இருக்கும் குழுவில் பெயர் எழுத வேண்டாம் என்பதற்கு மதிப்பில்லை, யார் எழுதியது என்று சூப்பர்வைசருக்குத் தெரியும், அது தெரியும் என்பது ஊழியருக்கும் தெரியும். சின்னக் குழுக்களைச் சேர்த்து ஒரே அறிக்கையாக்குங்கள்.

நம் ஊரில், மலேசியாவில், தாய்லாந்தில், பெரியவர் முன்னால் "சரி சார்" என்பது சம்மதம் ஆகாது. கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் பொருள். கூட்டத்தில் "யாருக்காவது பிரச்சினை இருக்கிறதா" என்று கேட்டு அமைதி வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று பேராக, அவர்கள் மேலதிகாரி இல்லாத இடத்தில், டீ குடிக்கும் நேரத்தில் கேளுங்கள். "உங்களுக்கு என்ன கஷ்டம்" என்பதைவிட "புதுசா சேருகிற ஒருத்தருக்கு எது கஷ்டமா இருக்கும்" என்று கேட்டால் வாய் திறக்கும். நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ இந்தச் சுற்று வழி வேண்டாம், நேராகக் கேளுங்கள், நேராகவே சொல்வார்கள். அதைக் கேட்டு இந்திய மேனேஜர் மனம் நோகாமல் இருக்க, முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

போகும்போது எடுக்கும் எக்ஸிட் இன்டர்வியூவை நான் பெரிதாக நம்புவதில்லை. ரிலீவிங் லெட்டர் கையில் வரும்வரை எல்லோரும் "பர்சனல் ரீசன்" என்றுதான் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள், அப்போது வேறு பதில் வரும்.

படி 6: ஊழியர் சேர்ந்து பேசும் வழியைக் கண்டு பயப்படாதீர்கள்

ஜெர்மனியில் ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே ஊழியர் மன்றம் அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. வேலை நேரம், ஊதிய முறையின் அடிப்படை, ஊழியர் நடத்தை விதிகள் போன்றவற்றை அதைக் கேட்காமல் மாற்ற முடியாது. 2,000க்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. இதை ஒரு தடையாக மட்டும் பார்த்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். 1997ல் ஜெர்மனிக்குப் போன வால்மார்ட், சக ஊழியர்களின் தவறைப் புகார் செய்வது, ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்பது வரை அடங்கிய தன் அமெரிக்க நடத்தை விதிகளை மன்றத்தைக் கேட்காமல் அங்கே கொண்டுவந்தது. 2005ல் தொழிலாளர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006ல் வால்மார்ட் அந்த நாட்டைவிட்டே வெளியேறியது. வெளியேற வேறு வியாபாரக் காரணங்களும் உண்டு. ஆனால் கடை ஊழியர்களிடம் பிடிப்பை வளர்க்க அவர்கள் போட்ட கோஷங்களும் விதிகளும் உதவவில்லை.

நமக்குப் பக்கத்தில், 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது, ஆனால் நடுநாயகமாக இருந்தது தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இதில் கொரியா, தமிழ்நாடு என்ற கலாசார வேறுபாட்டைத் தேடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சாம்சங் கொரியாவிலேயே பல காலம் சங்கம் இல்லாமல் நடத்திய நிறுவனம், 2020ல்தான் அதன் துணைத் தலைவர் அதற்காக மன்னிப்புக் கேட்டு அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். கொரியத் தொழிலாளிக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான்.

சங்கத்தில் இருப்பவருக்கு நிறுவனத்தின் மீது பிடிப்பு இருக்காது என்று நினைப்பவர்கள் நுமியை இன்னொரு முறை படிக்கலாம். அங்கே சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின் மேல்தான் எல்லாமே நின்றது.

படி 7: உள்ளூர்க்காரர் எவ்வளவு உயரம் போகலாம்?

ஜப்பானிய, கொரிய நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளில் பலகாலமாக வரும் குறை, ஒரு நிலைக்கு மேல் தலைமையகத்து ஆட்கள்தான் என்பது. முக்கியமான பேச்சு தலைமையக மொழியில் நடக்கும், முடிவு இரவு போனில் எடுக்கப்படும், காலையில் உள்ளூர் மேனேஜருக்குத் தகவல் மட்டும் வரும். இப்போது இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டில் இதையேதான் செய்கின்றன, ஆப்பிரிக்கக் கிளையில் ஃபைனான்ஸ், கொள்முதல், ஸ்டோர்ஸ் மூன்றும் நம் ஆட்கள் கையில். அங்கே என்ன போனஸ் கொடுத்தாலும் திறமையானவர் நிற்க மாட்டார். எந்தப் பதவி எந்த வருஷத்துக்குள் உள்ளூர்க்காரர் கைக்கு வரும் என்று எழுதி, அவர்கள் பார்க்கும்படி வையுங்கள். முக்கியக் கூட்டங்களில் எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசுங்கள். சென்னை அலுவலகத்தில் நாலு பேர் தமிழில் முடிவெடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வங்காளிக்கு ஆங்கிலத்தில் சுருக்கம் சொல்வதும் இதே தப்புதான்.

படி 8: இரண்டு பேரோடு தொடங்குங்கள்

லிங்கன் எலக்ட்ரிக் கதையில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. மெக்சிகோவில் அவர்கள் பொறுமையாக நடந்துகொண்டார்கள். சங்கம் இருந்த ஆலை, பீஸ் கூலிக்கு எதிர்ப்பு இருந்தது. இரண்டு தொழிலாளர்களை மட்டும் முயன்று பார்க்கச் சொல்லி, வருமானம் குறையாது என்று உறுதி கொடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் அதிகம் சம்பாதிப்பதைப் பார்த்து மற்றவர்கள் தாங்களாகவே கேட்டு வந்தார்கள். முழு ஆலையும் மாற ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. கட்டாயமாகத் திணித்திருந்தால் தோற்றிருக்கக்கூடிய அதே திட்டம் அங்கே நிலைத்தது.

உங்கள் திட்டத்தையும் அப்படியே தொடங்குங்கள். ஓர் ஊர், ஒரு பிரிவு, விருப்பப்பட்டவர்கள் மட்டும், யாருக்கும் முன்பைவிடக் குறையாது என்று எழுத்தில் உறுதி. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்க வேண்டிய எண்களை முதல் நாளே குறித்து வையுங்கள்: சொல்லாமல் வராத நாட்கள், ஊழியர்கள் தாங்களாகக் கொண்டுவந்த புகார்களும் யோசனைகளும், தங்கள் தம்பி தங்கையை, ஊர்க்காரரை வேலைக்குச் சேர்த்துவிட்டவர்கள். புகார்கள் கூடினால் கவலைப்படாதீர்கள், முதல் சில மாதங்களில் அது கூடத்தான் வேண்டும், பேசினால் பலன் உண்டு என்று நம்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் புகார்களுக்கு எத்தனை நாளில் பதில் போகிறது என்பதையும் எண்ணுங்கள். ஊர்க்காரரைச் சேர்த்துவிடுவது குறைந்துகொண்டே போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி இரண்டாம் படியின் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.